மாசக் கடைசி மக்ரோனி!

மக்களே, இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல பர்ஸைத் திறந்தா பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸ் கடை பில்லும் மட்டும் எட்டிப் பார்க்கிற கோஷ்டியா நீங்க? அப்போ இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான். மேக் அண்ட் சீஸ்! அதாங்க, சீஸ் சாஸ்ல முங்கி எந்திரிச்ச மக்ரோனி.

"எங்க வீட்லயே செய்வாங்களே, வெங்காயம் தக்காளி வதக்கி..."ன்னு இழுக்காதீங்க. அது மக்ரோனி வேஷம் போட்ட உப்புமா. (அதுவும் சூப்பர்தாம்மா!) இது வேற ரகம்.

எங்க ரூம்ல நாலு பேர், எல்லாரும் தேர்டு இயர். காலேஜுக்கு எதிர்ல இருக்கிற கஃபேல இந்த ஐட்டம் ஒரு ப்ளேட் 220 ரூபாய். இன்டர்னல் முடிஞ்சா, அரியர் க்ளியர் ஆனா, சும்மா மழை பெஞ்சாக்கூட ஷேர் போட்டுக்கிட்டு அங்க கிளம்பிடுவோம். எங்க நெல்லைக்காரன் மட்டும், "ஏலே, எனக்குப் பசிக்கல, நீங்க போயிட்டு வாங்க"ன்னு ரூம்லயே படுத்துக்குவான். ரெண்டு செமஸ்டரா அவனை 'சீஸ் பிடிக்காத பட்டிக்காடு'ன்னு ஓட்டிக்கிட்டு இருந்தோம். போன மாசம்தான் எனக்கு ட்யூப்லைட் எரிஞ்சுது. மெஸ்ல மூணு தடவை சாதம் வாங்கிச் சாப்பிடுறவனுக்கு, கஃபேன்னா மட்டும் எப்படிப் பசிக்காமப் போகும்? அவனுக்கு சீஸ் பிரச்னை இல்ல. 220தான் பிரச்னை.

அவன்கிட்ட யாரும் எதுவும் கேட்கலை. அடுத்த சனிக்கிழமை, "இனிமே ரூம்லயே செய்வோம்டா"ன்னு மட்டும் சொன்னேன்.

கணக்கு இதுதான்: மக்ரோனி கால் கிலோ 30, பால் அரை லிட்டர் 25, சீஸ் க்யூப் நாலு 68, வெண்ணெய் ரெண்டு ஸ்பூன் 17. மைதா ரெண்டு ஸ்பூன், ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி உபயம். மொத்தம் 140. ஆளுக்கு 35 ரூபாய்! (கடைக்குக் கடை மாறும், என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. பாக்கெட்ல மிஞ்சுன வெண்ணெய் மறுநாள் ப்ரெட்டுக்கு.)

மக்ரோனியை உப்புத் தண்ணில வேக வைங்க. பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வடிச்சிடுங்க, சாஸ்ல மிச்சம் வெந்துக்கும். வடிச்ச தண்ணில ஒரு டம்ளர் எடுத்து வைங்க. இன்னொரு சட்டில வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டு, சிம்ல பச்சை வாசனை போற வரைக்கும் கிளறணும். சிவக்கக் கூடாது. இப்போ பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். நான் முதல் தடவை ஒரே மூச்சா ஊத்தி, மைதா போண்டா பண்ணினேன். கரண்டியோட முதுகுல ஒட்டுற பதம் வந்ததும்... ஸ்டாப்! அடுப்பை அணைச்சிடுங்க. அதுக்கப்புறம்தான் துருவின சீஸ்.

ஏன்னா, சீஸைக் கொதிக்க விட்டா அதுல இருக்கிற புரோட்டீன் இறுகி, கொழுப்பைப் பிழிஞ்சு வெளியே தள்ளிடும். மேல எண்ணெய், கீழ ரப்பர்! மைதா ஸ்டார்ச் நடுவுல புகுந்து இதைத் தடுக்குது. ப்ராசஸ்டு சீஸ்ல சோடியம் சிட்ரேட் மாதிரி உப்பு ஏதாவது சேர்த்திருப்பாங்க. அதனால அது சீக்கிரம் திரியாது, நம்மள மாதிரி கத்துக்குட்டிகளுக்கு அதுதான் சேஃப். மொஸரெல்லா வாங்கிடாதீங்க, பீட்சா மாதிரி நூலா இழுத்து சீன் போடும், சாஸ் ஆகாது. கடைசியா மக்ரோனியைக் கொட்டி, மிளகுத்தூள் தூவி, ஒரு சிட்டிகை கடுகுப் பொடி போட்டுப் பாருங்க. சீஸ் ருசி தூக்கலா வரும். கெட்டியாயிடுச்சா? எடுத்து வெச்ச தண்ணி இருக்கே! உப்பு மட்டும் ருசி பார்த்துட்டுப் போடுங்க, சீஸ்லயே நிறைய இருக்கு.

ஒரு துணுக்கு: 1937-ல, அமெரிக்காவே பொருளாதார மந்தத்துல தவிச்சப்போ, கிராஃப்ட் கம்பெனி மக்ரோனியையும் சீஸ் பொடியையும் ஒரே டப்பால போட்டு 19 சென்ட்டுக்கு வித்தாங்க. விளம்பரமே, நாலு பேர் சாப்பிடலாம்ங்கறதுதான். எங்க ரூம் கணக்கு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!

நெல்லைக்காரன் முதல் வாய் வெச்சதும், "என்னலே இது, பால் பாயசத்துல உப்பு அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு"ன்னான். அப்புறம் ரெண்டு ப்ளேட் காலி. சட்டியையும் சுரண்டினான். ராத்திரி பார்த்தா என் லேப் ரெக்கார்டு மேல மூணு பத்து ரூபாய் நோட்டு, ஒரு அஞ்சு ரூபாய் காயின். திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்கத்துக் கட்டில்காரன் நறுக்னு ஒரு கிள்ளு கிள்ளினான். வாங்கி பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன்.

இந்த சனிக்கிழமை சமையல் அவன்தான். பாத்திரம் நான். சாப்பிட்ட உடனே சட்டியைப் பச்சைத் தண்ணில ஊற வெச்சிடுங்க மக்களே, காய விட்டா விடிய விடியத் தேய்க்கணும்!