‘எனக்குக் கேக் வராது’ என்று எழுதிய சகோதரிக்கு



டிசம்பர் இதழில் வந்த கேக் சிறப்புப் பகுதிக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களைப் பொங்கல் விடுமுறை முடிந்து வந்துதான் மொத்தமாகப் பிரித்தேன். பாராட்டுகள் நிறைய இருந்தன, மனம் நிறைந்த நன்றி. ஆனால் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். தேனி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: “நீங்கள் போட்டிருந்த அளவு பிசகாமல் மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் மேலே வெளுத்து, நடுவில் கூழாகத்தான் இருந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கேக் கைவராது போலிருக்கிறது. ஓவனை அக்கா மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.”

அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீடுகளில் பதார்த்தம் கெட்டால் முதல் பழி கைக்குத்தான். ரசம் நீர்த்துப் போனாலும், இட்லி கல்லாகிப் போனாலும் ‘கைப்பக்குவம் போதவில்லை’ என்றுதான் பேச்சு வரும். கேஸ் அடுப்பில் அப்படிச் சொல்வதிலாவது ஓரளவு நியாயம் உண்டு. தீ கண்ணுக்குத் தெரிகிறது, கூட்டுவதும் குறைப்பதும் நம் விரலில் இருக்கிறது. ஓவன் அப்படியல்ல. கதவைச் சாத்திய பிறகு நமக்குத் தெரிவது குமிழில் உள்ள எண் ஒன்றுதான். அதை 180 டிகிரிக்குத் திருப்பினால் அது நாம் கேட்ட சூடு. உள்ளே எவ்வளவு வந்திருக்கிறது என்பது வேறு கணக்கு.

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். மகள் கேட்டாள் என்று வாங்கிய 1500 வாட் ஓடிஜி ஓவன் எங்கள் வீட்டிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தால் கேக் ஓரளவு எழும்பும். வேலை நாளில் அலுவலகம் முடிந்து வந்து இரவு ஏழு மணிக்கு வைத்தால் அமுங்கிப்போகும். ‘களைப்போடு செய்கிறேன், அதனால்தான் கை தவறுகிறது’ என்று இரண்டு வருடம் நம்பினேன். ஒருநாள் வீட்டில் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்நேரத்துல போடுறீங்கம்மா?” என்பது. சொன்னேன். பையிலிருந்து மீட்டரை எடுத்தவர், “ஏழு மணிக்கு வந்து பாக்குறேன்” என்று போய்விட்டார்.

சொன்னபடி வந்தார். சுவரில் இருந்த பிளக் பாயின்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 185 காட்டியது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம். நாங்கள் இருப்பதோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வரிசை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓவனின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். கீழே சூடு தரும் கம்பியின் முனையில் வயரைப் பிணைக்க மாட்டியிருந்த லக் தளர்ந்து, சுற்றிலும் புகைபிடித்த மாதிரி கறுத்திருந்தது. விரலால் தொட்டதும் ஆடியது. “பாதிக் குத்தம் லைன்ல, பாதிக் குத்தம் இந்த லக்ல. உங்க மேல ஒண்ணுமில்லம்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன்.

வோல்டேஜ் குறைந்தால் இவ்வளவு வித்தியாசம் வருமா என்று தோன்றும். வரும். கம்பி தரும் சூடு வோல்டேஜ் குறைந்த அளவுக்கு மட்டும் குறைவதில்லை, அதன் வர்க்கக் கணக்கில் குறைகிறது. 230-க்குப் பதில் 185 வந்தால் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது. சூட்டிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. என் 1500 வாட் ஓவன் அந்த நேரத்தில் 970 வாட் ஓவனாகத்தான் இருந்திருக்கிறது. கேக் மாவில் போட்ட பேக்கிங் பவுடர் நமக்காகக் காத்திருக்காது. சூடு வருவதற்குள் அது தன் காற்றையெல்லாம் விட்டுத் தீர்ந்துவிடும். பிறகு சூடு வந்து என்ன பயன்?

ஆகவே சகோதரி, ஓவனைக் கொடுத்துவிடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் என்று சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, கடிகாரம் போல முள் இருக்கும். அதை நடுத்தட்டில், கேக் டின் உட்காரும் இடத்திலேயே வைத்து, குமிழை 180-க்குத் திருப்பி, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே பாருங்கள். பத்து, இருபது, முப்பது நிமிடத்தில் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓவன் சூட்டை ஒரே கோட்டில் வைத்திருக்காது. தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் முள் சற்று மேலும் கீழும் போய்வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று சுற்று பார்த்து நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175-ல் கால்மணி நேரம் வையுங்கள். பரல் பரலாக அப்படியே இருக்க வேண்டும். புதிதாக ஒரு ஸ்பூன் போட்டு 195-ல் கால்மணி நேரம் வைத்தால் உருகிவிட வேண்டும். 195-லும் பரல் பரலாகவே இருக்கிறதா? குமிழ் சொல்கிற சூடு உள்ளே இல்லை.

இனி முக்கியமான கேள்வி. உங்கள் ஓவன் தாமதமாகவாவது 180-ஐத் தொடுகிறதா, அல்லது எத்தனை நேரமானாலும் தொடுவதே இல்லையா? நோய் என்னவென்று பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

நேரம் எடுத்துக்கொண்டாலும் தொட்டுவிடுகிறது என்றால் ஓவன் நல்ல ஓவன்தான், அதற்குக் கிடைக்கும் மின்சாரம் போதவில்லை. வோல்டேஜ் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன்: மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். 1500 வாட் ஓவனுக்கு ஆறரை ஆம்பியர் வேண்டும். சிறிய 6 ஆம்பியர் பாயின்டில் மாற்றிப் பிளக் போட்டு ஓட்டினால் சூடு ஓவனில் ஏறுவதற்குப் பதில் பிளக்கில் ஏறும். பிளக்கைத் தொட்டுச் சுட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மிக்ஸிக்குப் போடும் பாயின்ட் இதற்கு ஆகாது, 16 ஆம்பியர் பவர் பாயின்ட்தான் வேண்டும். மற்றபடி, முன்சூட்டுக்குப் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் இருபத்தைந்து நிமிடம் கொடுங்கள். தெருவில் ஏசி ஓடாத காலை நேரத்தில் செய்யுங்கள்.

எட்டவே இல்லை, 130, 140-லேயே நின்றுவிடுகிறது என்றால் கம்பியைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் செயல்பாட்டுக் குமிழ் மேல் கீழ் இரண்டு கம்பிக்கும் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘கீழ்’ மட்டும் வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தியபடியே பத்து நிமிடம் கழித்து உள்ளே பாருங்கள். எது சிவக்கிறது, எது கறுப்பாகவே இருக்கிறது என்பது இருட்டில் தெளிவாகத் தெரியும். அந்தக் குழாய்க்குள் இருப்பது நிக்ரோம் என்ற நிக்கல் குரோமியக் கலவைக் கம்பி. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் காப்புரிமை பெற்றது. டோஸ்டரிலும் ஹேர் டிரையரிலும் சிவப்பதும் அதே இனம்தான். உழைக்கிற கம்பி, ஆனால் ஒருநாள் அறும். பல ஓவன்களில் இரண்டிரண்டு கம்பிகளைத் தொடராக இணைத்திருப்பதால் ஒன்று அறுந்தால் ஜோடியே அணைந்துவிடும். மேலே வெளுத்து, நடுவில் கூழான கேக் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் உங்கள் ஓவனின் மேல் கம்பி மீதுதான்.

மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், பிளக்கைப் பிடுங்கி, ஓவன் முழுதும் ஆறிய பிறகு பார்க்கலாம். மேல் பகுதி 750 வாட் என்றால் சுமார் 70 ஓம் காட்ட வேண்டும். அறுந்திருந்தால் முள் அசையாது. தெரியாதவர்கள் தயவுசெய்து தகட்டைக் கழற்ற வேண்டாம். பழுது பார்ப்பவரை அழைத்து, நீங்கள் எழுதி வைத்த எண்களை அவர் கையில் கொடுங்கள். ‘சரியாக வேகவில்லை’ என்று சொன்னால் அவர் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ‘முப்பது நிமிடத்தில் 138’ என்று சொன்னால் உட்கார்ந்து பார்ப்பார்.

கம்பியெல்லாம் சிவக்கிறது, ஆனாலும் எப்போதும் இருபது டிகிரி குறைவு என்றால் அது தெர்மோஸ்டாட்டின் கணக்கு. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ‘180 வேண்டுமென்றால் 200-ல் வை’ என்று ஒரு சீட்டு எழுதி ஓவன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், அது போதும். கதவு தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஓவன் ஆறியிருக்கும்போது ஒரு தாளை இடுக்கிச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடும் வெளியே போகிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிப்பதும், அச்சு அசலாக ஓவன் அளவுக்கே டிரே வாங்கி அடைப்பதும் சூட்டை மறித்துவிடும். விட்டுவிடுங்கள்.

இந்தக் கோளாறில் எங்கள் பங்கும் உண்டு. ‘180 டிகிரியில் 35 நிமிடம்’ என்று அச்சடித்துவிட்டு நகர்ந்துவிட்டோம். விறகில் சுடும் பேக்கரிக்காரரிடம் டிகிரிக் குமிழ் கிடையாது. கேரளத்தில் போர்மா, யாழ்ப்பாணத்தில் போறணை என்று சொல்கிற அந்தச் செங்கல் அடுப்பில் ஒரு பிடி மாவை வீசி, அது எத்தனை நேரத்தில் எந்த நிறத்துக்கு வருகிறது என்று பார்த்து ரொட்டியை உள்ளே தள்ளுவார். எண்ணைப் போட்ட நாங்கள் அந்த அடையாளத்தைப் போடாமல் விட்டது தவறு. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு குறிப்பிலும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓரம் டின்னை விட்டு விலகுவது, நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வருவது, விரலால் அழுத்தினால் மேலே எழும்புவது என்று அடையாளங்களும் வரும். பழைய ஆங்கில நூல்களிலிருந்து எடுத்து வாசகர்கள் அனுப்பும் குறிப்புகளில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177. அதையும் இனி மாற்றித்தான் அச்சிடுவோம்.

சென்ற மாதமே அலுவலகத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டரை வாங்கி அந்தச் சகோதரிக்கு அனுப்பி வைத்தோம். இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. ஒரு அஞ்சலட்டை. வணக்கம் கூட இல்லை, எடுத்த எடுப்பில் எண்கள்: பத்து நிமிடம் 90, இருபது நிமிடம் 125, முப்பது நிமிடம் 138, நாற்பது நிமிடம் 138. அதன் கீழே, “மேல் கம்பி இரண்டும் சிவக்கவே இல்லை. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். ஓவனை அக்கா மகளுக்குக் கொடுக்கவில்லை.”

அன்புடன்,
ஆசிரியர்