இலைத் திருடி

பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. எதிர்வீட்டுத் தறி 'டக்... டக்' என்று எழுப்பிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை தறியை என் மனைவி முந்திக்கொண்டாள்.

"என்னங்க, ரோஜாச் செடியை வந்து பாருங்க!"

பார்த்தேன். இலைகளின் ஓரமெல்லாம் அரை வட்டம் அரை வட்டமாக வெட்டு. ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் கூட இத்தனை சுத்தமாக விழாது.

"ஏதோ பூச்சி தின்னுது. மருந்து அடிங்க."

மனைவி சொல்லைத் தட்டும் தைரியம் எனக்கேது? வாங்கி வந்து அடித்தேன். வெட்டு நின்றது. ஆபீசில் நாலு பேரிடம் பெருமையும் அடித்தேன்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். சின்ன வயதிலிருந்தே தறியில் உட்கார்ந்தவர். திண்ணையோரம் சாத்தியிருந்த பழைய மூங்கில் குழாயைக் காட்டினார். உள்ளே பச்சை இலைச் சுருள்.

"ஒரு குட்டித் தேனீ தம்பி. உங்க வீட்டுப் பக்கமிருந்து இலை இலையாக் கொண்டாந்து கட்டிக்கிட்டிருந்துச்சு. நாலு நாளா ஆளைக் காணோம். சேலையைப் பாதித் தறியிலே விட்டுட்டுப் போன மாதிரி இல்லே?"

எனக்குச் சுரீர் என்றது. ஆள் எங்கே போனதென்று எனக்குத்தானே தெரியும்!

அப்புறம்தான் புத்தகம் தேடினேன். பெயர் இலைவெட்டித் தேனீ. விஞ்ஞானிகள் வைத்தது மெகாகைலி. இலையை அது தின்பதில்லை ஸார், வீடு கட்டுகிறது. நம்மூர் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி தெரியுமல்லவா? மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி மாவு ஊற்றுவார்களே, அதே டெக்னிக்! துளைக்குள் இலையைச் சுற்றி, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, மேலே ஒரே ஒரு முட்டை. வட்ட இலையால் மூடி. பிறகு அடுத்த அறை.

இதில் ராணி கிடையாது, வேலைக்காரர்கள் கிடையாது. ஒற்றைத் தாயே எல்லாம். தேன்கூட்டில் ஒரு தேனீ செத்தால் வேறொன்று வேலையைப் பார்க்கும். இங்கே தாய் போனால் வேலை பாதியிலேயே நிற்கும். அறைக்குள் வளரும் புழு தன்னைச் சுற்றித் தானே பட்டுக்கூடு நூற்றுக்கொள்ளுமாம். பட்டு ஊரில் குடியிருந்துகொண்டு நான் செய்த காரியத்தைப் பாருங்கள்!

"தேன் கிடைக்குமா?" என்றாள் மனைவி.

"கிடைக்காது."

"கொட்டுமா?"

"கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். நசுக்காதே."

"பின்னே என்னங்க பிரயோஜனம்?"

பிரயோஜனம் இருக்கிறது. மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றடி ரோமத்தில் அள்ளி வருவதால் போகிற பூவிலெல்லாம் சிந்தும். நம்மூர்த் துவரைப் பூக்களில் மகரந்தம் மாற்றுவதில் இந்த ஜாதிக்கும் பங்குண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் குதிரைமசால் விதைக்காக ஒரு வகையைப் பெட்டி பெட்டியாக வளர்க்கிறார்கள். குதிரைமசால் பூ, உட்காரும் தேனீயின் தலையில் மடார் என்று ஒரு போடு போடும். சாதாரணத் தேனீ அடிக்குப் பயந்து பக்கவாட்டில் தேனை உறிஞ்சிவிட்டு நழுவிவிடும் (எங்கள் ஆபீசிலும் அப்படி இருவர் உண்டு). இலைவெட்டியோ அடி வாங்கிக்கொண்டே வேலை பார்க்கும்.

பிராயச்சித்தத்தில் இறங்கினேன். பென்சில் நுழையும் துளையுள்ள மூங்கில் துண்டுகள், சாண் நீளம், ஒரு பக்கம் கணு அடைத்திருக்க வேண்டும். இருபதைக் கட்டாகக் கட்டி, காலை வெயில் படுகிற, மழை படாத இறவாணத்தில் அசையாமல் மாட்டினேன். மருந்து டப்பாவைத் தலை முழுகினேன். மொத்தச் செலவு சணல் கயிறு மட்டும். பெரியவர் பாதியில் நின்ற தன் குழாயையும் கொடுத்தார். "மூடின அறையிலே உசிரு இருக்கும் தம்பி, பத்திரம்."

தினமும் ஆபீஸ் கிளம்புமுன் எட்டிப் பார்ப்பேன். ஒன்றுமில்லை. மனைவி கேலி செய்வாள். ஒரு மாதம் போயிருக்கும்.

ஒரு காலை மறுபடி கூச்சல். "என்னங்க, ரோஜாச் செடியை வந்து பாருங்க!"

ஓடினேன். புதுத் துளிர் இலையில் அரை வட்டமாக ஒரு வெட்டு. பழைய குழாயின் வாயில் பொடிப்பொடியாக இலைத்தூள்.

மனைவி செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதாங்க வெட்டியிருக்கு. போதுமா அதுக்கு? இன்னொரு ரோஜாச் செடி வாங்கிட்டு வாங்களேன்!"