தீயைத் தடைசெய்வது மட்டும் தீர்வாகாது

வரட்சிக் காலம் தொடங்கியதும் ஊவா மலைச்சரிவுகளில் தீ பரவிய செய்தி ஆண்டுதோறும் பத்திரிகைகளில் இடம்பெறுவது வழமையாகிவிட்டது. விஷமிகளே காரணம் என்று அதிகாரிகள் கூறுவர். பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கோரிக்கை விடுக்கப்படும். மழை பெய்ததும் எல்லோரும் அதனை மறந்துவிடுவர். அடுத்த ஆண்டு அதே சரிவு மீண்டும் எரியும்.

இவ்வாறு காடும் மேடும் எரிவதை எவரும் விரும்பப்போவதில்லை. ஆயினும் தீ என்றாலே அழிவு, அதனை அணைப்பதும் தடைசெய்வதுமே இயற்கையைக் காக்கும் ஒரே வழி என்ற எண்ணம் எல்லா நிலங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. 2024 ஜூலை 31 ஆம் திகதி பிரேசிலில் சட்டமாகிய தீ முகாமைத்துவக் கொள்கை அக்கேள்விக்கு ஓர் அரசு அளித்த விடையாகும். கட்டுப்பாடற்ற தீயைக் குற்றமாகக் கொள்ளும் அதேவேளை, திட்டமிட்டு இடப்படும் தீயையும் பழங்குடி மக்களின் மரபுவழித் தீப் பயன்பாட்டையும் அச்சட்டம் அங்கீகரித்துள்ளது. எமது நாட்டுக்கும் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இருப்பதாக நாம் கருதுகின்றோம்.

இங்கு பேசப்படுவது மழைக்காடு அல்ல. புல் தொடர்ச்சியாகப் படர்ந்திருக்க, இடையிடையே மரங்கள் நிற்கும் சவன்னா நிலமே பேசுபொருளாகும். ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, வட அவுஸ்திரேலியா, இந்தியா ஆகியவற்றில் பரந்து கிடக்கும் இந்நிலங்களில் புல்லுக்கும் மரத்துக்கும் இடையே ஓயாத போட்டி நிலவுகின்றது. மழைக்காலத்தில் உயரமாக வளரும் புல் கோடையில் காய்ந்து எரிபொருளாகின்றது. தீ பரவும்போது புல்லின் மேற்பகுதி கருகினாலும் வளரும் முனை நிலத்தோடு ஒட்டியோ நிலத்துக்குக் கீழேயோ பாதுகாப்பாக இருப்பதால், அது விரைவில் மீண்டும் துளிர்க்கின்றது. மரக்கன்றின் நிலை வேறு. அதன் தண்டு கருகிவிட, வேரிலிருந்து முதலிலிருந்தே தளிர்க்க வேண்டியுள்ளது. தீச்சுவாலையின் உயரத்தைத் தாண்டி வளரும் வாய்ப்புப் பெற்ற கன்றே மரமாகின்றது. தீ நின்றுவிட்டால் கன்றுகள் யாவும் மேலெழுந்து நிழல் பரப்பும். சூரிய ஒளியை நாடும் புல் நிழலில் மடியும். புல்லை நம்பிய விலங்குகளும் அங்கிருந்து அகலும்.

இது வெறும் ஊகமன்று. தென்னாபிரிக்காவின் குரூகர் தேசிய பூங்காவில் 1954 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பரிசோதனை இதற்குச் சான்றாகும். நான்கு வகை நிலப்பரப்புகளில் ஏறக்குறைய 7 ஹெக்டேயர் பரப்புள்ள துண்டுகளாக நிலம் பிரிக்கப்பட்டது. சில துண்டுகள் ஆண்டுதோறும், சில இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெவ்வேறு பருவங்களில் எரிக்கப்பட்டன. சிலவற்றில் தீ முற்றாகத் தவிர்க்கப்பட்டது. மழை கூடிய பகுதிகளில் எரிக்கப்படாத துண்டுகள் அடர்ந்த மரக்கூட்டங்களாக மாறின. எரிக்கப்பட்டவற்றிலும் மரவினங்கள் இருந்தன. ஆனால் அவை குட்டையாக, பல தண்டுகளுடன் புல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில் எரிகின்றது என்பதே நிலத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றது என்பதை அப்பரிசோதனை உணர்த்தியது. அந்தப் பூங்காவின் நிர்வாகமே ஒரு காலத்தில் தீயைத் தடுத்தும், பின்னர் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயமாக எரித்தும், அதன் பின்னர் மின்னலால் மூண்ட தீயை மட்டும் அனுமதித்தும் தனது கொள்கையைப் பலமுறை மாற்றிக்கொண்டது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

வட அவுஸ்திரேலியாவின் அனுபவம் இதைவிட ஆழமானது. ஆனெம் லாண்ட் பீடபூமியில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த ஆதிவாசி மக்கள், கோடை முற்றுவதற்கு முன்னரே ஆங்காங்கே சிறு தீ மூட்டி நிலத்தைப் பேணி வந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அம்மக்கள் மிஷன்களுக்கும் நகரங்களுக்கும் இடம்பெயர, பீடபூமி ஆளரவமற்றுப் போயிற்று. தீ நிற்கவில்லை. மூட்ட வேண்டிய காலத்தில் மூட்ட ஆளில்லாமற்போகவே, கோடையின் இறுதியில் மூண்ட பெருந்தீ வாரக்கணக்கில் எரிந்து, தீயைத் தாங்காத மரங்களையும் பாறைச் செடிகளையும் அழித்தது.

மூத்தோரில் சிலர் தமது நிலத்துக்குத் திரும்பி, விஞ்ஞானிகளுடன் இணைந்து பழைய முறைக்குப் புத்துயிரளித்தனர். 2006 ஆம் ஆண்டு ஆதிவாசி நில உரிமையாளர்கள், வட பிராந்திய அரசாங்கம், டார்வினில் இயங்கிய திரவ எரிவாயு நிறுவனம் ஆகியவற்றுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. ஏறக்குறைய 28,000 சதுர கிலோ மீற்றர் நிலத்தில் ஆண்டின் முற்பகுதியிலேயே, புல்லில் ஈரம் எஞ்சியிருக்கும்போது தீயிடப்பட்டது. இரவுப் பனியில் அத்தீ தானாகவே தணிந்துவிடும். எரிந்த நிலமும் எரியாத நிலமும் மாறி மாறி அமைவதால் பின்னர் வரும் பெருந்தீ பரவ வழியில்லாமற் போகும். இதனால் மெதேன், நைதரசு ஒட்சைட்டு ஆகிய வாயுக்களின் வெளியேற்றமும் குறைந்தது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான குறைப்பை இலக்காகக் கொண்ட இப்பணிக்காக 17 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வழங்க அந்நிறுவனம் இணங்கியது. தீயை மூட்டியமைக்காக ஒரு காலத்தில் அறிவிலிகள் எனப்பட்ட மக்கள், அதே அறிவுக்காக ஊதியம் பெறும் நிலை உருவானது.

இதற்கு நேர்மாறான அனுபவம் தென்னிந்தியாவில் உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசுவாமி மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்குச் சிறு தீயிடும் வழக்கமுடையவர்கள். 1974 இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டதன் பின்னர் அவ்வழக்கம் தடைப்பட்டது. லந்தானா எனப்படும் உண்ணிச்செடி இன்று அக்காட்டின் கீழ்த்தளத்தை ஆக்கிரமித்திருப்பதற்கும், நெல்லி மரங்களில் ஒட்டுண்ணி பெருகியதற்கும் தீ நின்றதே காரணம் என்று சோலிகர் கூறுகின்றனர். இக்கூற்றைப் புறந்தள்ளிவிட முடியாது என ஆய்வாளர்களும் எழுதியுள்ளனர். காய்ந்த உண்ணிச்செடிப் புதரில் தீ பற்றினால் அது பழைய சருகுத் தீயைப் போன்று முழங்கால் உயரத்தில் நிற்பதில்லை. மரத்தின் உச்சிவரை ஏறும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். பிபிலைக்கு அப்பால் நில்கல பகுதியிலும் கல்லோயா தேசிய பூங்காவிலும் உள்ள புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஆகிய மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கின்றன. இலங்கையில் எஞ்சியுள்ள சவன்னா இதுவே எனலாம். மனிதர் இட்ட தீயே இந்நிலத்தை இவ்வாறு வைத்திருக்கின்றது என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. சுதேச வைத்தியத்துக்கு வேண்டிய காய்களும், அவற்றைப் பொறுக்கி வாழும் கிராமத்தவரின் வருமானமும் இம்மரங்களை நம்பியுள்ளன. தீயை முற்றாக ஒழித்தால் இந்நிலம் புதர்க்காடாக மாறக்கூடும். மறுபுறம், எவர் எப்போது மூட்டுகின்றார் என்ற கணக்கே இன்றி ஆண்டுதோறும் தவறாமல் எரியுமானால், நெல்லியின் இளங்கன்று மேலெழ வாய்ப்பே கிடைக்காது. முதிர்ந்த மரங்கள் விழும்போது அவற்றின் இடத்தை நிரப்ப மரமிராது. இரண்டும் இழப்பே.

ஊவாவின் செங்குத்தான பத்தனை நிலங்களை இதனோடு சேர்த்து நோக்குதல் தவறாகும். அங்கு கோடைக் காற்றில் மானாப்புல் எரிந்து, அடுத்து வரும் மழையில் மேல்மண் கழுவுண்டு செல்கின்றது. நீரூற்றுகள் வற்றுவதும் லயன்களை அண்டித் தீ நெருங்குவதும் தோட்ட மக்களின் அன்றாட அச்சமாகும். அங்கே தீ தடுக்கப்படவே வேண்டும். ஆனால் அச்சரிவுகளில் புல்லை நீக்கி மரம் நட்டால் தீ ஒழியும் என்ற எண்ணமும் பொய்த்துப்போனதை நாம் கண்டோம். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்தனைகளில் நடப்பட்ட பைனஸ் மரங்களின் பிசினும் உதிர்ந்த ஊசியிலைகளும் தீக்கு இரையாகி, புல்லைவிட மோசமாக எரிவதை மலையக மக்கள் நேரிற் கண்டு வருகின்றனர். புல்வெளி என்பது காடாக வேண்டிய வெற்று நிலம் என்ற எண்ணமே இத்தவறின் வேராகும்.

காட்டில் தீ மூட்டுவதை 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் குற்றமாக்கியது. மரத்தை வருமானமாகக் கருதிய குடியேற்ற ஆட்சியின் நோக்கில் எழுந்த ஏற்பாடு அது. அதனை நீக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. தீ விளையாட்டுப் பொருளுமன்று. 2001 செப்டெம்பரில் குரூகர் பூங்காவில் தீயினால் சூழப்பட்டு, கூரைக்காகப் புல் வெட்டச் சென்ற தொழிலாளர்களும் பூங்கா ஊழியர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏழு தசாப்த கால ஆய்வு நடைபெறும் பூங்காவிலேயே அந்நிலை என்றால், பயிற்சியும் கருவியும் இன்றி எவரும் தீயிடலாம் என்று கூறுவது பொறுப்பற்ற செயலாகும்.

நாம் வேண்டுவது இதுவே: நில்கல போன்ற ஓரிடத்தில், குரூகரில் செய்யப்பட்டதைப் போன்று, எரிக்கும் துண்டுகளையும் எரிக்காத துண்டுகளையும் வகுத்து நீண்டகால ஆய்வொன்று தொடங்கப்பட வேண்டும். வனத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் பல்கலைக்கழகங்களும் அதில் இணைய வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் காற்றில் தீ அடங்கும் என்பதை அறிந்த கிராமத்து முதியவர்களைச் சந்தேக நபர்களாகவன்றி ஆலோசகர்களாக அழைக்க வேண்டும். அவர்களின் அறிவு அவர்களுடனேயே மறைந்துவிடுமானால், பின்னர் எத்தனை கோடி செலவிட்டாலும் அதனைத் திரும்பப் பெற முடியாது. ஆனெம் லாண்டில் அவ்வறிவைத் தாங்கிய மூத்தோர் சிலராவது எஞ்சியிருந்தனர். இங்கும் அவர்கள் இருக்கும்போதே கேட்டறிவது உரியவர்களின் கடமையாகும்.