தண்ணீரை நிறுத்துப் பார்த்து வண்டி வாங்குங்கள்

தூத்துக்குடியில் சோபா, மெத்தை, கார்ப்பெட் ஆகியவற்றை வீட்டுக்கே வந்து சுத்தம் செய்து தரும் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் மெஷினைப் பார்க்கிறார்கள். பிறகு அதை ஏற்ற ஒரு வண்டி தேடுகிறார்கள். இந்த வரிசையே தப்பு என்பது என் கட்சி. இந்த ஊரில் வண்டியின் அளவைத் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரைத்தாலும், ஈரம் காய்ந்த பிறகு இழைகளில் உப்பு தங்கிவிடும். கடல் உப்போ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காலையில் சுத்தம் செய்த சோபா ராத்திரி நசநசத்தால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் அது வீட்டுக்காரர்கள் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்பது. அதில் நாலு வாளி கேட்கிறவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஆகவே நல்ல தண்ணீரை நாமே கொண்டுபோக வேண்டும், அழுக்குத் தண்ணீரை நாமே திருப்பி எடுத்து வரவும் வேண்டும்.

அப்படியானால் பெரிய வண்டிதானே வேண்டும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் நீல டிரம் இரண்டு வைத்தால் 400 கிலோ. அதில் பாதி காலியானதும் மீதி வளைவுக்கு வளைவு அலைமோதி வண்டியை ஆட்டும். டிரம்மைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவும் முடியாது. இருபது லிட்டர் கேன் பத்து போதும்: 200 கிலோ, தூக்க லாயக்கானது. காலியான கேனிலேயே அழுக்குத் தண்ணீரை நிரப்பிக்கொண்டால் திரும்பும்போதும் பாரம் கூடாது. அந்தக் கேன்களுக்குச் சிவப்புப் பெயின்ட்டில் பட்டை அடித்துவிடுவது நல்லது, குழப்பம் வராது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் அடையாளமே வேனுக்குள் பொருத்திய மெஷின். எஞ்சின் உறிஞ்சுகருவியைச் சுழற்றும், அதன் சூட்டிலேயே தண்ணீரும் சுடும். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் குழாயை மட்டும் உள்ளே இழுத்துப் போவார்கள். சங்கு குளிப்பவர்களைப் பார்த்த நம் ஊருக்கு இது எளிதாகத் தோன்றும்: வள்ளத்தில் கம்ப்ரசர், கடலுக்கடியில் ஆள், நடுவில் நீளக் குழாய். ஆனால் கம்ப்ரசர் காற்றைத் தள்ளுகிறது. பல மடங்கு அழுத்தத்திலும் தள்ளலாம். உறிஞ்சுவது அப்படியல்ல. எத்தனை பெரிய மோட்டாரானாலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுக்க முடியாது. குழாயின் ஒவ்வொரு அடியும் அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அகலமான வீதியும் வாசல்வரை போகும் பாதையும் உள்ள ஊருக்கு அந்த முறை சரி. திரேஸ்புரத்துச் சந்துகளிலும் காயல்பட்டினத்து முடுக்குகளிலும் வண்டி ஒரு மூலையில் நிற்கும், வீடு இன்னொரு மூலையில் இருக்கும். இரண்டு பேர் தூக்கிப் படியேற்றக்கூடிய மெஷின்தான் இங்கே வேலைக்கு ஆகும்.

மெஷின் வாங்கும்போது ஹீட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கும் ஆசை வரும். வேண்டாம் என்பேன். 230 வோல்ட்டில் 15 ஆம்ப் பிளக் தாங்குவது 3450 வாட். 5 ஆம்ப் பிளக் 1150 வாட்தான். இரண்டு மோட்டாரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் பழைய வீடுகளில் ஃபியூஸ் போகும், வீட்டுக்காரர் முகமும் மாறும். இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி வயர் வைத்த, ஹீட்டர் இல்லாத மெஷினை வாங்கி, தண்ணீரைத் தனியாகச் சுடவைத்துக்கொள்வதே மேல்.

இனி வண்டி. மூன்று சக்கர லோடு ஆட்டோ ஒடுக்கமானது என்று பலர் நம்புகிறார்கள். அதன் அகலமும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் சின்ன யானையும் அதே அளவு, மாருதி ஈகோவும் அதே அளவு. ஆட்டோவின் லாபம் திரும்பும் வாகிலும் விலையிலும். ஆனாலும் என் ஓட்டு மூடிய சின்ன வேனுக்கே. துறைமுகத்து நிலக்கரியும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் துவைத்த விரிப்பைத் திறந்த தொட்டியில் ஏற்றிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. பழைய வண்டி வாங்கினால் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். உப்பு ஏற்றிய வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. மீன் ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெத்தையைச் சுத்தம் செய்ய வருகிறவர் மீன் வாசனையோடு வந்தால் யார் கதவு திறப்பார்கள்?

டூவீலரில் ஒரு வாக்குவம் கிளீனரைக் கட்டிக்கொண்டு போனால் போதாதா என்பது எதிர்த்திசைக் கேள்வி. தூசி எடுக்கப் போதும். கறை எடுக்கத் தண்ணீர் வேண்டும், அதற்கு டூவீலர் காணாது. தூத்துக்குடியில் கார்ப்பெட் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. வீடுகளில் டைல்ஸும் மொசைக்கும்தான். அன்றாட வருமானம் சோபாவிலும் மெத்தையிலும் கார் சீட்டிலும் இருக்கிறது. அதற்குப் பத்துக் கேன் தாராளம். பள்ளிவாசல், ஹோட்டல், கல்யாண மண்டப விரிப்புகள் பெரிய வேலை என்றாலும், ரமலானுக்கு முன்போ முகூர்த்த மாதத்துக்கு முன்போ நாள் குறித்துச் செய்பவை. அன்றைக்கு ஒரு டேங்கர் தண்ணீர் சொல்லிவிடலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்காட்டிப் பெரிய வண்டிக்கு வாதாடுவோரும் உண்டு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஊர் முழுக்க நனைந்த சோபாவும் மெத்தையும். ஆனால் சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய ஃபோம் மெத்தையை எந்த மெஷினும் மீட்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். மீட்கக்கூடியவற்றை ஏற்றிவர அந்த வாரங்களுக்கு மட்டும் லோடு வண்டி வாடகைக்குப் பிடிக்கலாம். அதற்காகப் பெரிய வண்டியை வாங்கி, மழையில்லாத மாதங்களிலும் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.