கணக்குப் பிசகாத கனவான்!

"பணம் படைத்தவர் பதவிக்கு வந்தால் பயமில்லை ஐயா! வேண்டிய அளவு அவரிடமே இருக்கிறது. வெறுங்கையோடு வருகிறவன்தான் கஜானாவைக் கண்டதும் கைநீட்டுவான். அதோடு, ஆலையை நடத்தத் தெரிந்தவருக்கு அரசை நடத்தத் தெரியாதா?"

இப்படிக் கேட்டார் ஒரு நண்பர். நல்லவர், நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர், ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து நின்று, கடைசிப் பேச்சாளர் நன்றி கூறும்வரை கேட்டுவிட்டுப் போகிறவர். அவரை ஏசிப் பயன் என்ன? எடுத்துரைக்கத்தான் வேண்டும்.

கொள்ளையடித்த கோடீசுவரன் எவனையாவது காட்டி அவர் வாயை அடைப்பது எளிது. அந்த எளிய வழி எனக்கு வேண்டாம். கட்சிப் பணத்தில் காசு தொடாதவர், கணக்கில் பிசகாதவர், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவரையே கூண்டில் நிறுத்துகிறேன். அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்துக் கனவான். வணிகராயிருந்து கட்சித் தலைவராகி, செனட்டராகவும் ஆனவர். பெயர் மார்க் ஹன்னா.

1837இல் பிறந்தார். மளிகை மொத்த வணிகக் குடும்பம். கால்வாய்த் திட்டமொன்றில் பணத்தைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட குடும்பம். கல்லூரிக்குப் போனவர், விழாவொன்றில் கேலி நிகழ்ச்சி நிரல் அச்சடித்து வழங்கிவிட்டு வெளியேற நேர்ந்தது. (கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் என்ற முறையில், இந்த ஓரிடத்தில் மட்டும் எனக்கு அவர்மீது அனுதாபம் உண்டு!) 1864இல் நிலக்கரி, இரும்பு வணிகர் டேனியல் ரோட்ஸ் என்பாரின் மகளை மணந்தார். தாமே தொடங்கிய எண்ணெய்த் தொழில் தீயோடு போக, மாமனாரின் நிறுவனத்தில் புகுந்தார். புகுந்தவர் வளர்ந்தார், 1885இல் நிறுவனமே அவர் பெயர் தாங்கிற்று. வெட்டும் சுரங்கம் அவருடையது, ஏற்றும் கப்பல் அவருடையது, நகரத்து டிராம் வண்டியில் பங்கு, வங்கியிலே தலைமை, சிலகாலம் ஒரு நாளேடும் அவர் கையில். போதாதென்று நாடக அரங்கம் ஒன்றையும் விலைக்கு வாங்கினார்! நாடகக்காரன் எனக்கு அது நன்கு புரிகிறது. அரங்கத்துக்கு உடையவர் அரிதாரம் பூச வேண்டியதில்லை. வசனம் பேச வேண்டியதில்லை. ஆனால் எந்த நாடகம் நடக்கும், எது நடக்காது என்று முடிவு கட்டுபவர் அவரே!

இனிக் காட்சிக்கு வருவோம்.

1876. ஒஹையோவின் மாசிலான் நிலக்கரிப் பகுதி. 1873இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, நாடெங்கும் கூலியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்த காலம். தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர், வேறு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினர் முதலாளிகள், மோதல் மூண்டது, மாநிலப் படை வந்தது, தொழிலாளர் பலர் சிறைபட்டனர். சுரங்க முதலாளிகளில் ஒருவர் ஹன்னா. ஊரே வெறுத்த அந்த ஏழைகளுக்காக வழக்காட முன்வந்தார் இளம் வழக்கறிஞர் ஒருவர். ஒருவர் நீங்கலாக அனைவரையும் விடுவித்தார். தொழிலாளர் திரட்டித் தந்த கட்டணத்தையும் வாங்க மறுத்தார்.

யார் அந்த வழக்கறிஞர்? வில்லியம் மக்கின்லி! இருபதாண்டுக்குப் பின் ஹன்னா எவரைக் குடியரசுத் தலைவர் பீடத்தில் அமர்த்தினாரோ, அதே மக்கின்லி!

எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் பகைக்காமல் பாராட்டத் தெரிந்ததே, அதுதான் ஹன்னாவின் தனித்திறமை. சாதாரண முதலாளி, வழக்கில் தோற்றால் வக்கீலைச் சபிப்பான். இவர் சரக்கின் தரம் அறிந்தவர். எங்கே கண்டாலும் மதிக்கத் தெரிந்தவர்.

1893இல் மக்கின்லி ஒஹையோ ஆளுநர். நண்பர் ஒருவருடைய கடன் பத்திரங்களில் நம்பிக் கையெழுத்திட்டிருந்தார். நண்பர் திவாலானார், ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடன் ஆளுநர் தலையில் விழுந்தது. ஹன்னாவும், மைரன் ஹெரிக் முதலிய நண்பர்களும் தொழிலதிபர்களிடம் பணம் திரட்டிக் கடனை அடைத்தனர். கையூட்டு என்று நான் கூறவில்லை. நட்பின் கடமை என்றே கொள்வோம். ஆனால், அதே ஆண்டில் திவாலாகித் தெருவில் நின்ற உழவர் எத்தனை பேர்! அவர்களுக்காக எந்தச் செல்வர் பட்டியலெடுத்துப் புறப்பட்டார்?

பிறகு வந்தது 1896. ஹன்னா குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர். எதிரே, ஜனநாயகக் கட்சியின் பிரையன், வயது முப்பத்தாறு. கடனில் மூழ்கிய உழவருக்காக வெள்ளி நாணயக் கொள்கையை முழங்கியவர். பதினெட்டாயிரம் மைல் ரயிலில் சுற்றித் தொண்டை கிழியப் பேசியவர். பிரையனுடைய பொருளாதாரம் சரியா தவறா என்பதைப் பொருளாதார வல்லுநர்கள் பேசட்டும். நாம் பார்க்க வேண்டியது, அந்தக் குரலை எதிர்த்து எது நிறுத்தப்பட்டது என்பது.

பணம் நிறுத்தப்பட்டது, தோழர்களே! அதுவும் எப்படி? அதுவரை கட்சிக்குப் பணம் என்றால் கெஞ்சி வாங்குவது, பதவி தருவதாகச் சொல்லி வாங்குவது, அரசு ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது. ஹன்னா வணிகர் அல்லவா! வரி விதித்தார். வங்கிகளுக்கு மூலதனத்தில் நூற்றுக்குக் கால் வீதம்! ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி மட்டும் தந்தது இரண்டரை லட்சம் டாலர். கட்சிக் கணக்கில் வந்து சேர்ந்தது சுமார் 35 லட்சம் டாலர். எதிரியின் கையிலிருந்ததோ அதில் சிறு பகுதி. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட துண்டறிக்கைகள், பல மொழிகளில்! வாக்களித்தவரோ சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம். தலைக்கு எத்தனை அறிக்கை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆயிரத்து நானூறு பேச்சாளர்கள்! மக்கின்லி ஊர் ஊராய் அலையவில்லை. கான்டன் நகரில் தம் வீட்டுத் திண்ணையில் நின்றார். ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. ஏழரை லட்சம் மக்கள் திண்ணையைத் தேடி வந்தனர். நாடோடிப் பேச்சாளன் தோற்றான், திண்ணை வென்றது. தேர்வாளர் வாக்குகள் 271க்கு 176.

வரி செலுத்தியோர் வெறுங்கையுடன் போகவில்லை. 1897இல் இறக்குமதிச் சுங்கம் ஏறிற்று. 1900இல் பொன் நாணயச் சட்டம் நிலைபெற்றது.

"சரி, இடையில் ஹன்னா எவ்வளவு எடுத்துக்கொண்டார்?" என்று நண்பர் ஆவலோடு கேட்டார்.

ஒன்றுமில்லை! தம் கைப்பணத்தையும் செலவிட்டார். 1912இல் அவர் வரலாற்றை எழுதிய ஹெர்பர்ட் கிரோலி இரண்டு செய்தி கூறுகிறார். 1900 தேர்தலில் ஸ்டாண்டர்டு ஆயில் தந்ததில், அதற்கு விதித்த பங்குக்கு மேற்பட்ட ஐம்பதாயிரம் டாலரை ஹன்னா திருப்பி அனுப்பினார். கைம்மாறு எதிர்பார்த்துப் பங்குச் சந்தைத் தரகு நிறுவனமொன்று தந்த பத்தாயிரம் டாலரையும் திருப்பி அனுப்பினார்.

நண்பர் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா! நான் சொன்னேனே, உத்தமர்!"

இங்கேதான் நான் நண்பரோடு மாறுபடுகிறேன். தனி ஒரு தரகு நிறுவனத்தின் தனி ஒரு சலுகையை விற்க ஹன்னா மறுத்தார், மெய். ஏன் மறுத்தார்? அவர் சில்லறை வணிகர் அல்லர், மொத்த வணிகர்! அரசாங்கம் முழுவதும் செல்வர் கூட்டம் முழுவதற்கும் உரியதாயிருக்கையில், துண்டு துண்டாய் விற்பானேன்? வரி விதிப்பது அரசின் உரிமை. வங்கிகளுக்கு வரி விதித்து, கணக்கு வைத்து, மிகுதியைத் திருப்பித் தருகிறது ஒரு கட்சி என்றால், அங்கே அரசு எது, கட்சி எது, கம்பெனி எது? திருடன் வந்தால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, சிறை இருக்கிறது. ஐயந்தொகை பிசகாமல் ஆட்சியைப் பங்குதாரர்களிடம் ஒப்படைப்பவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

தமக்கென்று ஒன்று மட்டும் வேண்டினார்: செனட் பதவி. ஒஹையோவின் செனட்டர் ஜான் ஷெர்மன், எழுபது கடந்த முதியவர், நினைவு தளரத் தொடங்கியவர். 1897இல் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார் மக்கின்லி. காலியான நாற்காலியில் ஹன்னா! மறு ஆண்டு சனவரியில் மாநிலச் சட்டமன்றம் வாக்களிக்க வேண்டும். சொந்தக் கட்சியிலேயே கலகம். வெற்றிக்குத் தேவை 73 வாக்கு, கிடைத்ததும் 73! உறுப்பினர் ஒருவருக்கு விலை பேசப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மாநில மேல்சபை விசாரித்து வாஷிங்டனுக்கு அறிக்கை அனுப்பிற்று. அங்கே நடவடிக்கை இல்லை. மெய்ப்பிக்கப்படாததை நான் பழியாகச் சுமத்தமாட்டேன். எனக்கு அது தேவையுமில்லை.

நீதியாகச் சொன்னால், தொழிற்சங்கத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசவும் அவர் அஞ்சியதில்லை. 1900இல் பென்சில்வேனியச் சுரங்க வேலைநிறுத்தத்தில் முதலாளிகளை நெருக்கி, நூற்றுக்குப் பத்து கூலி உயர்வு வாங்கித் தந்தார். தொழிலாளி மகிழ்ந்தான். தேர்தல் நவம்பரில்; சமரசம் அக்டோபரில். கூலி உயர்வுகூட நாட்காட்டி பார்த்து வந்தது!

"அப்படியானால் வணிகன் எவனும் அரசியலுக்கு வரவே கூடாதா?" என்று நண்பர் சற்றுச் சினந்தார்.

வரலாம்! அதே கிளீவ்லாந்தில் டாம் ஜான்சன் இருந்தார். அவரும் டிராம் முதலாளி. டிராம் தொழிலில் ஹன்னாவுக்குப் போட்டியாளர். ஹென்றி ஜார்ஜின் நூலைப் படித்தார், மனம் மாறினார். தம்மைச் செல்வராக்கிய அதே தனியுரிமைகளை எதிர்த்துப் புறப்பட்டார். 1901 முதல் 1909 வரை நகர மேயர். சர்க்கஸ் கூடாரம் அடித்து மக்களைக் கூட்டினார். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். டிராம் கட்டணம் மூன்று சென்ட்தான் என்று ஓயாமல் போராடினார். ஒருவர் தம் வணிகத்தை அரசியலுக்குள் கொண்டுவந்தார். மற்றவர் அதை வாசலில் விட்டுவிட்டு வந்தார். 1903இல் ஜான்சன் ஆளுநர் பதவிக்கு நின்று படுதோல்வி அடைந்தார். வென்றவர் யார் தெரியுமா? மக்கின்லியின் கடனை அடைத்த கூட்டத்திலிருந்த அந்த ஹெரிக்! மறு சனவரியில் ஹன்னா மீண்டும் செனட்டுக்குத் தேர்வானார். 1904 பிப்ரவரி 15இல் காய்ச்சலில் மாண்டார்.

அவர் மறைந்தபின் அந்த நாடு விழித்தது. 1907இல், கம்பெனிகள் தேர்தலுக்குப் பணம் தரக்கூடாது என்று சட்டம். 1913இல், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க அரசியல் சட்டத் திருத்தம். விழித்தது மீண்டும் கண்ணயர்ந்தது 2010இல். வேட்பாளர் கையில் கொடுக்காமல், தனியே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கம்பெனிகள் செலவிடலாம் என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்கள் கட்சிக்கு மட்டும் பணம் வேண்டாமா?"

நல்ல கேள்வி. வேண்டும் என்றேன். மேடைக்கு வேண்டும், விளக்குக்கு வேண்டும், சுவரொட்டிக்கும் பசைக்கும் வேண்டும். ஞாயிறு மாலை கூட்டம் முடிந்ததும் துண்டேந்தி வருவோம். பத்து ரூபாய் எடுத்து வையுங்கள் என்றேன்.

அங்கேயே எடுத்துக் கொடுத்தார். ரசீதும் கேட்டார்! எழுதிக் கொடுத்தேன்.