கண் எரிச்சலுக்குக் குற்றவாளி யார்?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழுந்துள்ள தொடர்மாடிகள் பலவற்றில் இன்று நீச்சல் தடாகம் உண்டு. வீடு விற்போரின் வர்ணப் பிரசுரங்களில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படுகிறது: "குளோரீன் அற்ற உப்புநீர்த் தடாகம்". பல தசாப்தங்களாகப் பத்திரிகைச் செய்தி திருத்தியவன் என்ற வகையில் சொல்கிறேன்: இவ்வாசகம் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். அது உண்மையன்று.

உப்புநீர்த் தடாகத்திலும் குளோரீன் இருக்கிறது. லீற்றருக்கு ஏறத்தாழ 3 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரை மின்பகுப்புக் கலத்தினூடாகச் செலுத்துகிறார்கள். உப்பிலிருந்து குளோரீன் அங்கேயே உற்பத்தியாகிறது. கடையில் வாங்கிக் கொட்டுவதை இயந்திரம் செய்து தருகிறது, வேறுபாடு அவ்வளவே. எதிரே அலையடிக்கும் கடலில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. ஆகவே, 'கடல்நீர் போன்றது' என்பதும் மிகைக் கூற்றே.

அப்படியாயின் மெய்யான மாற்று எது? ஓசோன் கிருமிகளை வலுவாகக் கொல்லும். ஆனால் நீரில் நிலைத்து நிற்காது. புறஊதா விளக்கு, தன்னைக் கடந்து செல்லும் நீரை மட்டுமே சுத்திகரிக்கும். தடாகத்தின் நடுவே ஒரு குழந்தை நீரை அசுத்தமாக்கினால், அந்நீர் விளக்கை வந்தடையுமுன் பக்கத்துக் குழந்தை ஒரு மிடறு விழுங்கிவிடும். செம்பு, வெள்ளி அயன்கள் மிக மெதுவாகவே செயற்படுபவை. புரோமீன் வெயிலில் விரைந்து சிதையும். நீர்த்தாவரங்களைக் கொண்டு சுத்திகரிக்கும் இயற்கைத் தடாகங்கள் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் உண்டு. அவற்றில் தாவரங்களுக்கென்றே பெரும் பரப்பு ஒதுக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்பதை வாசகர் அறிவர்.

இவை பயனற்றவை என்று நான் வாதிடவில்லை. லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரீன் உள்ள நீரில் ஈ.கோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் மடியும். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியமோ அதே நீரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிர்வாழும். அதனை அடக்கப் புறஊதாக் கதிரோ ஓசோனோ தேவை. குளோரீனின் அளவைக் குறைக்கவும் அவை உதவும். துணைக்கு வரட்டும், குளோரீனின் இடத்தைப் பிடிக்க அவற்றால் இயலாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? மின்பிறப்பாக்கி இல்லாத இடத்தில் அத்தகைய நாளில் இக்கருவிகள் யாவும் முடங்கும். நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் குளோரீன் மாத்திரமே அப்போது காவல்.

பின் ஏன் குளோரீன் மீது இத்தனை வெறுப்பு? நெடியும் கண் எரிச்சலும் என்பார்கள். அந்த நெடி பெரும்பாலும் குளோரமீன்களின் நெடி. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அமோனியா ஆகியவற்றோடு குளோரீன் சேரும்போது அவை பிறக்கின்றன. தடாகம் மூக்கைத் துளைக்கிறதென்றால், குளித்துவிட்டு இறங்காதவர்கள் அங்கே அதிகம் என்று பொருள். நம் அழுக்குக்குக் குளோரீன் பழி சுமக்கிறது.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள சுகததாச தடாகம் போன்ற பொதுத் தடாகத்தில் நீந்தும் பிள்ளைக்கும், தொடர்மாடித் தடாகத்தில் நீந்தும் பிள்ளைக்கும் தேவைப்படுவது ஒன்றே. நீரில் இறங்குமுன் சவர்க்காரமிட்டுக் குளிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். குளோரீன் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை, பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா என்று நாள்தோறும் பரிசோதித்து, எவரும் பார்க்கும் பலகையில் எழுத வேண்டும். இதற்கு இலட்சக்கணக்கில் செலவில்லை. ஒழுங்கு மட்டுமே வேண்டும். ஒழுங்கை விற்றுப் பணம் பண்ண முடியாது என்பதால்தான் எந்தப் பிரசுரமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

புதிய இயந்திரத்துக்குப் பணம் கேட்டு உங்கள் முகாமைத்துவக் குழு வருமானால், முதலில் கடந்த மாதத்துப் பரிசோதனைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.