'அல்' பழகிய கை

'தி லைஃப் இஸ் ஹார்ட்', 'ஹீ இஸ் டாக்டர்' என்று அரபு மாணவர் ஆங்கிலத்தில் எழுதினால், கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது அநியாயம். அரபியில் வாழ்க்கையைப் பொதுப்படச் சொல்லவும் 'தி'க்கு இணையான 'அல்' வேண்டும்: அல்-ஹயாத். 'ஒரு' எனக் காட்டவோ தனிச்சொல் கிடையாது; எழுத்தரபியில் சொல்லின் ஈற்றில் ஒலிக்கும் 'ன்', அதாவது தன்வீன், அந்த வேலையைச் செய்கிறது. பேச்சில் அதுவும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆக, 'தி' மிகுவதும் 'ஏ' விடுபடுவதும் தாய்மொழியின் ஒரே ஒழுங்கிலிருந்து பிறப்பவை. சீனரும் ரஷ்யரும்கூடத்தானே தடுமாறுகிறார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் மொழியில் இப்படியொரு சொல்லே இல்லாததால் பெரும்பாலும் 'தி'யை விட்டுவிடுகிறார்கள். அரபு மாணவருக்கு 'தி' பழகிய பொருள், அதன் எல்லைதான் புதிது. விதிகளை ஒப்பிக்க வைப்பதைவிட, இரு மொழி வாக்கியங்களையும் அருகருகே எழுதி, 'அல்' நிற்கும் எந்தெந்த இடத்தை ஆங்கிலம் வெறுமையாக விடுகிறது என்று ஆசிரியர் காட்ட வேண்டும்.